சந்தா உண்டு, வாக்கு இல்லை: எங்கள் நகர்நலச் சங்கத்தைப் பற்றி வாடகைக்குக் குடியிருக்கும் ஒருத்தியின் மதிப்பீடு

பாளையங்கோட்டையின் தெற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களை மனைகளாக்கி உருவான நகர் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக மச்சுவீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். குடிவந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பெரியவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா 600 ரூபாய் என்றார்கள். கொடுத்தேன். பெயரை எழுதிய பிறகு ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வாடகைக்குத்தான இருக்கிய? அப்பம் சந்தான்னு போடாண்டாம், நன்கொடைன்னு போட்டுக்கிடுதேன் தங்கச்சி" என்றார். தொகை மாறவில்லை, தலைப்பு மட்டும் மாறியது.

தணிக்கையாளர் ஒருவரிடம் கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால், தொகையைவிடத் தலைப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சந்தா கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நன்கொடை கொடுத்தவருக்கு நன்றி மட்டுமே உண்டு. ஆறு ரசீதுகள் சேர்ந்துவிட்ட நிலையில், இந்த 3,600 ரூபாய்க்கு எனக்கும் என் தெருவுக்கும் என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே குணமும் இதே குறையும் உள்ள சங்கங்கள் இந்த ஊரில் நகருக்கு ஒன்று இருக்கக்கூடும்.

எதை வைத்து மதிப்பிடுவது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள சங்கம் மின்தூக்கியைப் பராமரிக்கும், தண்ணீர் ஏற்றும், படிக்கட்டைக் கூட்டும். அங்கே கட்டணத்துக்கு நேரடியான சேவை உண்டு. தனி வீடுகள் உள்ள தெருவில் சாலையும் வாறுகாலும் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் மாநகராட்சியுடையவை; மின்கம்பம் மின்வாரியத்தினுடையது. சங்கத்தின் கையில் ஒரு மண்வெட்டிகூடக் கிடையாது. நான்கு மண்டலங்களும் 55 வார்டுகளும் கொண்ட ஒரு மாநகராட்சியில், ஒரு தெருவின் குறையை உரிய மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, பதில் வரும்வரை விடாமல் நிற்பதுதான் இத்தகைய சங்கத்தின் தொழில். அந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்; விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் சங்கத்துக்கு அநியாயமாகவும் போகலாம், சலுகையாகவும் போகலாம்.

அந்த வகையில் எங்கள் சங்கத்தின் மிகச் சிறந்த உடைமை, செயலாளர் அண்ணாச்சியின் வீட்டுத் தார்சாவில் மேசை இழுப்பறைக்குள் இருக்கும் பச்சை அட்டை போட்ட ஒரு தபால் பதிவேடு. ஓய்வு பெற்ற அரசு ஊழியரான அவர், அலுவலகத்தை விட்டு வந்தாலும் அலுவலகப் பழக்கத்தை விட்டு வரவில்லை. வெளியே போகும் ஒவ்வொரு மனுவுக்கும் வரிசை எண், தேதி, யாருக்கு, எதைப் பற்றி, ஒப்புகை வந்ததா, பதில் வந்ததா என்று ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. முப்பது நாள் தாண்டியும் புள்ளி அழியாவிட்டால், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "மேற்படி மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" என்ற ஒற்றைக் கேள்வியோடு அடுத்த கடிதம் போகும். அதற்குப் பதில் தர மீண்டும் முப்பது நாள். இரண்டு மாத அவகாசத்தில் எந்த மனுவும் காணாமல் போக முடியாதபடி வலை பின்னி வைத்திருக்கிறார்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு அவர் கைவிளக்கோடு தெருத்தெருவாக நடப்பதை நானே மச்சிலிருந்து பார்த்திருக்கிறேன். எரியாத விளக்கின் கம்ப எண்ணைக் குறித்துக்கொள்வார். "மூன்றாவது தெருவில் விளக்கு எரியவில்லை" என்று எழுதினால் சரிசெய்ய வருபவர் பகலில் வந்து எந்த விளக்கென்று தெரியாமல் திரும்பிவிடுவார். கம்ப எண்ணோடு எழுதினால் அந்தச் சாக்கு கிடையாது. எங்கள் தெருமுனை விளக்கு இந்த ஆறு ஆண்டுகளில் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் அணைந்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தச் சட்டப்பூர்வ ஒழுங்கு சங்கத்தின் பதிவிலும் உண்டு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பதிவு செய்வது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்கை முடித்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆரம்பித்த வேகத்தில் லெட்டர்பேடு அச்சடித்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் எதையும் தாக்கல் செய்யாமல், வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது விழித்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவரும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கம் அந்த வரிசையில் இல்லை.

பூங்கா விஷயத்தைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நியாயமாகாது. நகரின் நடுவில் வேலிக்கருவை மண்டிக் கிடந்த ஓர் இடத்தை எல்லோரும் யாரோ வெளியூர்க்காரரின் மனை என்றே நினைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் கட்டடக் கழிவும் மறுபக்கத்தில் யாருடையதோ ஜல்லிக் குவியலும் ஏறியிருந்தன. பெரிய மனைப்பிரிவு எதுவானாலும் பொதுப் பயன்பாட்டுக்கென்று இடம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது செயலாளருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டை ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். நீலக் கோடுகள் மங்கிய அந்த நகலில், எல்லோரும் தனியார் மனை என்று நினைத்த சதுரத்துக்குள் 'பூங்கா' என்று எழுதியிருந்தது. பொதுக்குழுவில் அந்தத் தாள் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசையில் இருந்த என்னிடம் வந்தபோது மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த ஆண்டு அங்கே பெயர்ப்பலகை நின்றது. இப்போது நாலு வேப்பங்கன்றுகளும் ஒரு சிமெண்டு இருக்கையும் உண்டு. பூங்கா என்று சொல்ல இன்னும் நாளாகும். ஆனால் ஜல்லி போய்விட்டது.

இனி மழை. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. தென்மாவட்டத்தார் யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரையைத் தாண்டி வந்ததைத்தான் ஊர் முழுக்கப் பேசியது. எங்கள் நகருக்கு ஆறு எட்டவில்லை. எங்களை முக்கியது, வயலாக இருந்த காலத்தில் மிகைநீரை வடித்துக்கொண்டிருந்த ஓடை. மனைகளுக்கு இடையே ஒடுங்கி, சில இடங்களில் குழாயாகி, கடைசியில் ஆகாயத்தாமரை அடைத்த ஒரு பாலத்தடியில் முட்டி நின்றுவிட்ட அந்த ஓடை, அன்று பழைய வழியைத் தேடிக்கொண்டு தெருவுக்குள் ஏறியது.

மாலைக்குள் மின்சாரம் போனது. இரவில் கைப்பேசிகளும் ஊமையாகின. கீழ்வீட்டு மைனியும் பிள்ளைகளும் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு என் மச்சுக்கு வந்துவிட்டார்கள். எத்தனை மணி என்று தெரியவில்லை, இடுப்பளவு தண்ணீரில் கம்பு ஊன்றிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். செயலாளரின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். கதவு எண் வாரியாக எந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், எந்த வீட்டில் படுத்த படுக்கையானவர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று குறித்த பட்டியல் அது. தொற்றுக்காலத்தில் மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக எழுதியதை ஆண்டுதோறும் திருத்தி வந்திருக்கிறார்கள். எல்லோருடைய கைப்பேசியும் செத்துப்போன இரவில் எழுத்தில் இருந்த பட்டியல் மட்டுமே வேலை செய்தது. ஆறாவது தெருவில் தனியாக இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு மாடியில் ஏற்றினார்கள். மறுநாள் பால் பாக்கெட்டை வீட்டுக்கு ஒன்று என்று மூங்கிலில் கட்டி மாடிகளுக்கு நீட்டினார்கள். வாடகை வீடா சொந்த வீடா என்று அன்று யாரும் பார்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் சங்கத்தின் பலமும் பலவீனமும் ஒரே விஷயத்தில் அடுத்தடுத்து வெளிப்பட்டன. பலம் என்னவென்றால், இரண்டே வாரங்களில் ஓடையைத் தொடக்கம் முதல் கடைசிவரை நாடா வைத்து அளந்தார்கள். வரைபடத்தில் இருபது அடி என்று காட்டிய இடம் தரையில் ஏழு அடியாகச் சுருங்கியிருந்ததைப் படம் எடுத்து ஒட்டினார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்துக்கு முப்பது பேராகப் போய் மனு கொடுத்தார்கள். பாலத்தடி அடைப்பு எடுக்கப்பட்டது. அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன்பும் ஒருமுறை எடுக்கப்பட்டது.

பலவீனம், அந்த அளவெடுப்பில் தெரிந்த இன்னொரு உண்மையைத் தொட அஞ்சியது. தெருவின் வாறுகால் பாதி வீடுகளின் முன்பு மூடிக் கிடக்கிறது. காரை ஏற்றுவதற்காக வாசலில் சிமெண்டுச் சாய்தளம் போட்டவர்கள், வாறுகாலையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். தூர்வார வருபவரின் கம்பி உள்ளே போக வழியே கிடையாது. இரண்டு மழைக்கு நடுவே அடியில் சேறு இறுகிப் பாறையாகிவிடுகிறது. அந்தச் சாய்தளங்களில் மூன்று செயற்குழுவினருடையவை. பொதுக்குழுவில் நான் எழுந்து இதைக் கேட்டபோது, தலைவர் மிகுந்த மரியாதையோடு, "நல்ல கருத்து, பரிசீலிப்போம்" என்றார். தீர்மானப் புத்தகத்தை அடுத்த ஆண்டு வாசித்தார்கள். அந்தக் கருத்து அதில் ஏறவே இல்லை. போகிற மனுவுக்கெல்லாம் எண் போடும் சங்கத்தில், உள்ளே எழுந்த கேள்விக்கு எண் இல்லை. வெளியில் புலி, வீட்டில் எலி என்று எங்கள் ஆச்சி சொல்வாள். நீக்கக்கூடிய இரும்புத் தட்டு போட்டால் காரும் ஏறும், கம்பியும் போகும். இரும்புக் கடையில் அதற்கு ஆகும் செலவு காரின் ஒரு டயர் விலைகூட இருக்காது.

குப்பை விஷயத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும், அதைக் குடியிருப்போர் சங்கங்கள் உள்ளாட்சியோடு சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. வீடுவீடாகப் போய் இரண்டு வாளி வைக்கச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கிறோம். மீதிக் கால்வாசிப் பேர் விடிவதற்கு முன் காலி மனையில் பையை வீசுகிறார்கள். ராமையன்பட்டிக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை எழும் நாட்களில் அரசைத் திட்டுவதில் அவர்களே முன்னால் நிற்கிறார்கள்.

தெருநாய்ப் பிரச்சினையில் சங்கம் முதலில் தவறாகப் போய்ப் பிறகு திருந்தியது. கடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, பால் வாங்கப் போன சிறுவனை நாய் கடித்ததைத் தொடர்ந்து, "நகருக்குள் நாய்களுக்கு உணவிடத் தடை, மீறினால் 500 ரூபாய் தண்டம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இரண்டாம் தெருவில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை அச்செடுத்துக்கொண்டு செயற்குழுவுக்கு வந்தாள். நாய்களுக்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் படிக்கட்டு, நுழைவாயில்களிலிருந்தும் விலக்கி, குறித்துக் கொடுப்பதே குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று அந்த விதிகள் கூறுகின்றன. கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றும் உள்ளது. தண்டம் விதிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒரு மணி நேரம் கூச்சல். "நீ படிச்ச பிள்ள, நாய்க்கு வக்காலத்து வாங்குதியாக்கும்" என்று ஒருவர் எகிறினார். கடைசியில் அறிவிப்பைக் கிழித்துவிட்டு, ஓடைக்கரையில் ஒரு மூலையை இரவு ஒன்பது மணிக்கு என்று ஒதுக்கினார்கள். கருத்தடைக்கு மனு கொடுத்தார்கள், வழக்கம்போல் எண்ணோடு. இப்போது எங்கள் தெரு நாய்களில் ஐந்துக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது. அதுதான் கருத்தடை முடிந்ததற்கு அடையாளம். தாளைக் காட்டினால் தன் தவறை ஒப்புக்கொள்ளும் சங்கம் இது என்று அன்று தெரிந்துகொண்டேன். பேச்சை மட்டும் நம்பிப் போனதுதான் சாய்தள விஷயத்தில் நான் செய்த பிழை.

கணக்கைப் பற்றித் தொழில்முறையில் ஒரு வார்த்தை. வரவு செலவு அறிக்கை ஒவ்வொரு பொதுக்குழுவிலும் அச்சிட்டுத் தரப்படுகிறது. ரசீதும் வவுச்சரும் பொருந்துகின்றன. கையிருப்பு வங்கியில் உள்ளது. கண்காணிப்புக் கேமரா வாங்கியது மட்டும் வீண்செலவு. எட்டில் ஐந்து கேமராக்கள் பழுது, மீதி மூன்றில் ஒன்று முருங்கைமரத்தை மட்டும் அல்லும்பகலும் காவல் காக்கிறது. ஓர் ஆண்டு அறிக்கையில் 'அல்வா, ஒரு கிலோ' என்று ஒரு வரி இருந்தது. திருநெல்வேலிச் சங்கம் ஒன்றின் கணக்கில் அல்வா என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டுமா? கூட்டத்தில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பூங்கா வழக்கறிவிப்புக்குக் கட்டணம் வாங்காமல் வரைவு எழுதிக் கொடுத்த வழக்கறிஞர் வீட்டுக்குப் போனபோது வாங்கியதாம். வவுச்சர் இருந்தது.

வாடகைக்காரர் நிலைதான் இந்தச் சங்கத்தின் பெருங்குறை. நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீடு வாடகை வீடு. வங்கி, கல்லூரி, மருத்துவமனை வேலைகளுக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள்தான் பெரும்பாலும். துணைவிதி, 'மனை அல்லது வீட்டின் உரிமையாளர்' மட்டுமே உறுப்பினர் என்கிறது. இதனால் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு நாலு ஆண்டுகளாக நகரை எட்டிப் பார்க்காத வீட்டுக்காரருக்கு வாக்கு உண்டு. வாசலில் ஓடைத்தண்ணீர் ஏறிய எனக்குக் கிடையாது. பூங்காவுக்கு வேலி போட 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும் என்று வந்தபோது, வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று வாடகை வீடுகளிலும் வந்து கேட்டார்கள். கொடுத்தேன்; இந்த முறையும் நன்கொடைதான். வேலி கம்பியா சுவரா என்று முடிவெடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. மாநகராட்சி வார்டுகளில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் பகுதி வாக்காளர் என்ற முறையில் நான் எழுந்து பேசலாம், கோரிக்கை வைக்கலாம்; அடுத்த தெருவில் நடக்கும் எங்கள் சொந்தச் சங்கத்தில் முடியாது.

சொந்த வீடு கட்டிக் குடிவருபவருக்கு இந்தச் சங்கத்தில் யோசிக்காமல் சேரச் சொல்வேன். 600 ரூபாய்க்கு இவ்வளவு விடாப்பிடியான கடிதம் எழுதும் ஆள் வேறெங்கும் கிடைக்கமாட்டார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்பதையும், அந்தப் பதிவேட்டை அவருக்குப் பிறகு எழுத இன்னும் யாரும் பழகிக்கொள்ளவில்லை என்பதையும் கவலையோடு சேர்த்துச் சொல்கிறேன். வாடகைக்கு வருபவர் ரசீதில் 'சந்தா' என்று எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டும்.

போன மாதம், துணைவிதியில் 'உரிமையாளர் அல்லது ஓராண்டுக்கு மேல் குடியிருப்பவர்' என்று திருத்தம் செய்யும் சிறப்புத் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரியும், வாறுகால் சாய்தளங்களை இரும்புத் தட்டாக மாற்றக் கோரியும் இரண்டு தனித்தனி மனுக்களை எழுதி, பதினெட்டு வாடகைக் குடும்பங்களின் கையெழுத்தோடு செயலாளர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். தார்சாவில் உட்காரச் சொன்னார். இரண்டையும் நிதானமாகப் படித்தார். பச்சை அட்டைப் பதிவேட்டை எடுத்தார். அதில் வெளியே போகும் கடிதங்களுக்கு மட்டும்தான் பக்கம் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அளவுகோல் வைத்து ஆறு கட்டம் கிழித்து, மேலே 'உள்வரவு' என்று எழுதி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். என் நகலில் முத்திரை குத்தித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "முப்பது நாள் ஆனா நீங்களும் கேப்பியளோ?" என்றார். கேட்பேன் என்றேன்.